பீங்கானின் அடியில் இருந்த எழுத்து

நான் பாரிசில் ஓர் உணவகத்தில் எட்டு வருடம் சாப்பாட்டுப் பீங்கான் கழுவியவன். விடுமுறைக்குக் கல்முனை வந்த மறுநாளே அரிசி மில் ஹாஜியார் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஹாஜியார் நெடிய மனிதர், தாடிக்கு மருதோன்றி போட்டிருந்தார். கையால் பூ வரைந்த பழைய பிரெஞ்சுப் பீங்கான்களைச் சேர்ப்பவர். எந்த வீட்டு விருந்திலும் சோறு விழும் முன் பீங்கானைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். அவர் வீட்டில் எனக்குத் தேநீர் பிளாஸ்டிக் கோப்பையில் வந்தது.

கண்ணாடி அலுமாரியிலிருந்து நீலப் பூப் போட்ட பீங்கான் ஒன்றை எடுத்துத் தந்தார்.

"இருநூறு வருசப் பழசு தம்பி. பூக் கீறினவன்ட பேரு அடியில இருக்கு, வாசிங்க."

பேர் எதுவும் இல்லை. 'மெஷினில் கழுவ வேண்டாம்' என்று அச்சடித்திருந்தது. அவர் ஆவலைப் பார்த்தபின் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"கவனமாக் கழுவச் சொல்லி எழுதியிருக்கு ஹாஜியார்."

"மெஷினில கழுவக் கூடாதெண்டுதானே?" என்று சிரித்தார். "மகள் போன வருசமே போன்ல பாத்துச் சொல்லிட்டா."

"பிறகு ஏன் என்னட்டக் கேட்டீங்க?"

"பிரான்சால வந்த நாலு பேரிட்டக் கேட்டன் தம்பி. கீறினவன்ட பேரெண்டு நாலு பேரும் நாலு பேரு சொன்னாங்க. அதில ஒரு பேரு எனக்கு நல்லாப் புடிச்சிருக்கு."

பீங்கானைச் சால்வையால் துடைத்து நடுத்தட்டில் வைத்துப் பூட்டினார். அன்று நான் சொன்னது அவருக்குப் பிடித்ததா, ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.