ஆடு மேய்ந்த பருத்திமார்

பாய்லர் நின்றுவிட்டது என்று போன் வந்தபோது டி. கல்லுப்பட்டி பக்கம் எங்கள் ஆலையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பருத்திமாரை, அதாவது பஞ்சு எடுத்தபின் காட்டில் நிற்கும் செடியை, அரைத்து, அழுத்தி, எரிகட்டையாக்கும் ஆலை. பிரிக்கெட் என்போம். நான் புரொடக்‌ஷன் மேனேஜர். பேசியவர் மதுரையில் சாயப்பட்டறை வைத்திருக்கும் சௌராஷ்டிரக்காரர், எங்கள் பெரிய கஸ்டமர்.

“ஒங்க கட்டை எரியலம்மா, உருகுது. அடுப்புக் கிரேட்டு பூரா சாம்பல் உருகி இறுகி, கல்லு மாதிரி கிளிங்கர். அடுத்த லோடும் இப்படின்னா நான் விறகுக்கே போறேன்.”

அவர் போனால் ஒரு ஷிப்டை மூட வேண்டும். அதில் இருப்பவர்கள் எல்லாம் நான் வேலைக்குச் சேர்த்த பெண்கள். பொட்டலத்தை அப்படியே மூடி வைத்தேன். மெஷின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சரக்கில்தான் கோளாறு.

நேரே பருத்திக் காட்டுக்குப் போனேன். பாதி மார் ஏற்றியிருந்த எங்கள் லாரியை மறித்து, மந்தையோடு நின்றார் ஆட்டுக் கீதாரி இருளாண்டி.

“பருத்தி எடுத்து முடிஞ்சா இந்தக் காடு எங்க ஆட்டுக்குத்தான் தாயி. இலை, சொத்தக்காய் எல்லாம் அதுக மேயும். நீங்க பச்சையா அள்ளிட்டுப் போயிட்டா இம்புட்டு உசுரையும் நான் எங்கிட்டு ஓட்டுறது?”

ஆடு இறங்குமுன் வெட்டிவிட வேண்டும் என்பது அந்த வருஷம் எங்கள் முதலாளி போட்ட புது ஆர்டர். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்ந்து முடித்த மார் நின்றது. இலை இல்லை, வெறும் குச்சி. எங்கள் லாரியில் இருந்ததோ பாதி இலை, அதில் ஒட்டிய கரிசல் மண். இவ்வளவு சாம்பல் எங்கிருந்து வந்தது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் இருளாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மனிதர் மிரண்டுபோனார்.

ஏற்றியதை இறக்கிவிட்டு லாரியைப் பக்கத்துக் காட்டுக்குத் திருப்பினேன். மேய்ந்த மாரை மட்டும் மெஷினில் தனியாக ஓட்டி ஒரு லோடு அனுப்பினேன். சாயப்பட்டறையில் கிளிங்கர் இல்லை, பொடிச் சாம்பல்தான். அப்போதும் முதலாளி முணுமுணுத்தார்.

“ஆட்ட விட்டா எடை கொறையும்லம்மா?”

“கொறையிறது சாம்பல் சார். அத யாரும் நம்மகிட்ட கேக்கல.”

இப்போது எங்கள் வெட்டு ஆட்கள் மந்தைக்குப் பின்னால்தான் போகிறார்கள். இருளாண்டியே போன் போடுவார். “எங்க வேலை முடிஞ்சுருச்சு தாயி, ஆள அனுப்பு.”

புதிதாக வரும் இன்ஜினியர்கள் ரிப்போர்ட்டில் ‘விவசாயக் கழிவு’ என்று எழுதி என் கையெழுத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒன்றுதான் கேட்பேன். இதை இதுவரை யார் தின்றுகொண்டிருந்தார்கள்? தெரியாது என்றால் காட்டுக்கு அனுப்பிவிடுவேன்.