பழைய இரும்பாகப் போகவிருந்த டிராக்டர்

சட்டன் என்ற ஊரில் எங்கள் யார்டில் நின்ற, சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயினில் ஓடும் அந்தப் பழைய டிராக்டரை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. 2004 வசந்தத்தில் எஞ்சின் ஓடியது, கியரும் விழுந்தது. வண்டி மட்டும் அசையவில்லை.

"கியர்பொக்ஸ் போச்சுது. இனி இரும்புக்குத்தான் குடுக்க வேணும்," என்றார் கணவர், அதன் பொனற்றைத் தடவிக்கொண்டு.

அப்போதுதான் நினைவு வந்தது. குளிர்காலத்தில் கிளட்ச் துருப்பிடித்து ஒட்டாமலிருக்க, இரண்டு ஸ்டியரிங் லீவர்களையும் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். லீவர் இழுபட்டிருந்தால் கிளட்ச் விலகி நிற்கும், எஞ்சின் ஓடினாலும் செயின் சுற்றாது. கயிறு தளர்ந்துவிடுமென்று சீட்டுக்கடியில் நானும் ஒரு சேலைத்துண்டால் கட்டியிருந்தேன். அவர் அவிழ்த்தது கயிற்றை மட்டும்தான்.

வாயைத் திறக்காவிட்டால் சனியன் தொலைந்தது. கொஞ்ச நேரம் பேசாமல்தான் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, சீட்டுக்குக் கீழ ஒருக்காப் பாருங்கோ."

துண்டை அவிழ்த்ததும் வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. அவர் சிரித்த சிரிப்பில் என் நெஞ்சுப் பாரமும் இறங்கியது. பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.