இல்லாத பாலத்தை நம்பிப் போட்ட கோடு

மாநகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், வரைபடப் பிரிவில், அவளுக்குப் பேர் ஸ்கேல் அக்கா. வயதில் மூத்த மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து எண்ணிக்கை வந்ததும், ஊரின் ஐம்பத்திரண்டு வார்டுகளுக்கும் எல்லையைத் திருத்தி வரைகிற கை அவளுடையது. கவுன்சிலர்கள் மேடையேறி மார்தட்டிக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? எந்தத் தெரு எந்த வார்டு என்று கோடு கிழிப்பவள் இவள்தான்.

கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷமாகியும், நடந்து பார்க்காமல் ஒரு கோட்டையும் முடிக்க மாட்டாள். கையில் தாள், தோளில் தண்ணீர் பாட்டில், கால் போகும் வரை நடை. எந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று நின்று பார்ப்பாள். சமையலறை ஒரு வார்டிலும் படுக்கையறை இன்னொரு வார்டிலுமாக ஒரு வீட்டையும் அவள் அறுத்ததில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டுதான். இருக்கட்டுமே, இத்தனை தூரம் நடந்தவளுக்கு இல்லாத தலைக்கனம் வேறு யாருக்கு?

இந்த முறை வரைவுப் படத்தைச் சுவரில் ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுங்கள் என்று அறிவித்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. கால்வாய்க்கரைத் தெருவிலிருந்து ஒரு தையற்காரி எழுதியிருந்தாள். "எங்கள் தெரு கால்வாய்க்கு இந்தப் பக்கம். ஓட்டுச்சாவடி அந்தப் பக்கம். நடுவில் பாலம் இல்லை. சுற்றிக்கொண்டு போக என் கால் இடம் கொடுக்காது. போன இரண்டு தேர்தலிலும் நான் ஓட்டுப் போடவில்லை. புதுப் படத்திலும் அதே கோடுதான் இருக்கிறது."

ஸ்கேல் அக்காவுக்குப் பகீரென்றது. படத்தை எடுத்துப் பார்த்தாள். கால்வாயின் குறுக்கே ஒரு நடைபாலம் ஜம்மென்று இருந்தது. அந்தக் கோடு பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் போட்டது. அந்த வாரம் மகள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டில் பக்கத்து பெஞ்சில் படத்தை விரித்து, பாலம்தான் இருக்கிறதே, ஜனங்கள் தாண்டிப் போய்விடுவார்கள் என்று கால்வாய்க்கரைத் தெருவை அந்தப் பக்கத்து வார்டில் சேர்த்துவிட்டாள். வாழ்நாளில் நடந்து பார்க்காமல் போட்ட கோடு அது ஒன்றுதான். இந்த முறை அங்கே எண்ணிக்கை வரம்புக்குள்ளேயே இருந்ததால், அதைத் தொடாமல் விட்டிருந்தாள்.

மறுநாளே போனாள். இரண்டு கரையிலும் மொட்டைத் தூண்கள் நின்றன, மேலே செடி முளைத்திருந்தது. "வெள்ளத்துல போய்ப் பதினாலு வருஷமாச்சு" என்றார் பக்கத்து சைக்கிள் கடைக்காரர். அதாவது, அவள் கோடு போட்டபோதே பாலம் இல்லை. தள்ளி இருந்த பெரிய ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓட்டுச்சாவடிப் பள்ளிக்கு நடந்து பார்த்தாள். நடந்து பழகிய அவள் காலுக்கே முக்கால் மணி நேரம் ஆனது. அந்தத் தெருவில் அறுநூற்று நாற்பது பேர். இப்போது விட்டால் இன்னும் பத்து வருஷத்துக்கு அவர்கள் கதி இதேதான்.

மேலாளரிடம் சொன்னாள். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்த சுபாவம்.

"வாயைத் திறக்காதீங்க ஸ்கேல் அக்கா. படத்துல பாலம் இருக்கு, ஆட்சேபம் தானா தள்ளுபடியாயிடும். நீங்களே போய் என் தப்புன்னு சொன்னா மெமோ கொடுப்பாங்க. நீங்க ரிட்டையர் ஆக மூணு வருஷம்தான் இருக்கு, எதுக்கு வம்பு?"

வீட்டில் தட்டுக்கு முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவர் விஷயத்தைக் கேட்டார்.

"தப்பு நீ பண்ணதுதானே?"

"ஆமாங்க."

"அப்ப நீதானே சொல்லணும்? இதுக்குப் போய் எதுக்குப் பட்டினி கிடக்கிறே?" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தார். மனுஷனுக்கு அவ்வளவுதான் கணக்கு. அவளுக்கும் அது போதுமாக இருந்தது.

ஆனால் தப்பு என்று சொன்னால் மட்டும் போதாது. அறுநூற்று நாற்பது பேரை இந்தப் பக்கத்து வார்டில் சேர்த்தால் அங்கே எண்ணிக்கை வரம்பைத் தாண்டும், அந்தப் பக்கத்து வார்டில் குறையும். ஆறு நாள் அலைந்தாள். பெரிய பாலத்தை ஒட்டி, பஸ் டிப்போவுக்குப் பின்னால், இந்தப் பக்கத்து வார்டில் இருந்த மூன்று வரிசை வீடுகளுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிதான் கிட்டம். அந்த வார்டுக்கு மாறச் சம்மதமா என்று வீடு வீடாகக் கேட்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

விசாரணை நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. அதிகாரி படத்தைத் தூக்கிப் பிடித்தார். "இதுல நடைபாலம் இருக்கேம்மா?"

தையற்காரி ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். "படத்துல இருக்கிற பாலத்துல நான் எப்படி சார் நடக்கிறது?"

சிலர் சிரித்தார்கள். அதிகாரி தள்ளுபடி என்று எழுதப் பேனாவைத் திறந்தார். ஸ்கேல் அக்கா எழுந்து நின்றாள். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தப் படம் நான் வரைஞ்சது சார். பாலம் கிடையாது. போய்ப் பார்க்காம கோடு போட்டேன், தப்பு என்னோடது. திருத்தின கோடு இந்தத் தாள்ல இருக்கு. ரெண்டு வார்டும் வரம்புக்குள்ள வருது, கூட்டிப் பாருங்க."

அதிகாரி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதினார்.

மெமோ வரத்தான் வந்தது. "தவறு என்னுடையது. திருத்தியதும் நானே" என்று இரண்டே வரியில் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் திமிரை நான் மெச்சுகிறேன்.

அந்த வருஷக் கடைசியில் தேர்தல். தன் ஓட்டைப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, கால்வாய்க்கரைத் தெருமுனைப் பள்ளிக்கு வந்து வேலியோரம் நின்றாள். தையற்காரி கழுத்தில் இன்ச் டேப்போடு வந்தாள், வரிசையில் நின்றாள், உள்ளே போய்விட்டு வெளியே வந்தாள். இவளைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். இந்தக் கோட்டைப் போட்டவங்க கை விளங்காமப் போகட்டும்னு பத்து வருஷமா திட்டியிருக்கேன். நீங்கன்னு தெரியாது."

"திட்டினது நியாயந்தாம்மா."

"அது போகட்டும். இதைப் பாருங்க." மை வைத்த விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஸ்கேல் அக்கா பார்த்தாள். கண் கலங்கியதை அவள் மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

"மெஷின்ல பாதிச் சட்டை நிக்குது, வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு, தையற்காரி யார் துணையும் இல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.