காலை வணக்கத்துக்குத் தடை

எங்கள் வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போடக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான்.

சிறுவர் உரிமை அதிகாரியாக நான் பதுளைப் பக்கம் வேலைக்கு வந்தபோது, பிள்ளைகளுக்காக ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரும் ஏதோ செய்துகொண்டுதான் இருந்தது. ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது, அவ்வளவுதான். தீபாவளி லீவுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் திரும்பும்போது, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றிரண்டை வீட்டு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடத்துக்கு அது ஜனவரியில் புது வகுப்பு தொடங்கும்போதுதான் தெரியும். பொலிசுக்கு எப்போதாவது தெரியும். தும்பை விட்டு வாலைப் பிடிப்பதற்கு வடையும் தேநீரும் வைத்து நாங்கள் கூட்டம் போடுவோம்.

எரிச்சல் தாங்காமல்தான் குழுவைத் தொடங்கினேன். தோட்டத்துப் பள்ளி டீச்சர், பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவைப் பார்க்கும் சிங்களப் பெண், ஹாலிஎல ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு டாக்டர், தோட்டத்து நலன்புரி அதிகாரி எல்லாரையும் சேர்த்தேன். மறுநாளே பிள்ளையார், புத்தர், ஏசு, பனித்துளியோடு ரோசாப்பூ என்று மூன்று மொழியிலும் காலை வணக்கம் கொட்டியது. ஸ்டேஷன் மாஸ்டர்தான் இதில் ராஜா. ரயில் பிந்தினாலும் அவருடைய ரோசாப்பூ பிந்தாது. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "பிள்ளைகளைப் பற்றிய செய்தி மட்டும் போடவும்" என்று எழுதினேன். குழு கப்சிப். வாரக்கணக்கில் யாரும் வாய் திறக்கவில்லை. சரி, தொடங்கிய கையோடு நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த கையோடு ஒரு காலை, டீச்சரின் குரல் பதிவு ஒன்று குழுவில் வந்தது. "ஒன்பதாம் வகுப்புப் புள்ள ஒண்ணு இன்னைக்கு வரல. பக்கத்து லயத்து அக்காகூட பையைத் தூக்கிக்கிட்டுப் போச்சாம். கொழும்புக்குத்தான் இருக்கும். யாராச்சும் பாருங்களேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் உடனே சிங்களத்தில் பதில் சொன்னார். அப்படி ஒரு பிள்ளை பிளாட்பாரத்தில் நிற்கிறது, ரயில் வர நேரம் இருக்கிறது, தன் அறையில் உட்கார வைக்கிறேன் என்றார். பொலிஸ்காரப் பெண் மோட்டார் சைக்கிளிலும் நான் திரீவீலரிலும் போய்ச் சேர்ந்தோம்.

கூட்டிப் போக வந்தவள் ஓடவில்லை. "நல்ல வீடுதான் மிஸ். நானும் இதே வயசுலதான் போனேன். செத்தா போயிட்டேன்?" என்றாள். அவள்மேல் வந்த கோபம் எனக்குப் பாதியில் நின்றுபோனது. பொலிஸ்காரப் பெண் அவளைத் தனியே கூட்டிப் போய் விசாரித்தார்.

பிள்ளை தீபாவளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கொடுத்த தேநீரைத் தொடவில்லை. "பயப்படாதம்மா, வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன்.

"வீட்டுக்குப் போயி? அம்மா கொழுந்து பறிக்கையில மலையில வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சு கெடக்கு. எண்ணெ போட்டுக் கட்டியிருக்கு. தம்பிக்கு மூணு வயசு. நான் போகலேன்னா யாரு சோறு போடுவா? நீங்களா மிஸ்?"

ரயில் வந்தது, போனது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். நாளைக்கும் ரயில் வரும். அவள் கேட்டதை அப்படியே குழுவில் பேசிப் போட்டேன், கடைசிக் கேள்வியையும் சேர்த்து.

முதலில் டாக்டர்தான் பேசினார், திட்டோடு. ஒடிந்த காலை எண்ணெய் போட்டுக் கட்டி வைப்பதா, உடனே கொண்டு வாருங்கள் என்றார். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி கீழே இறங்கப் போகிறது, தாயை அதில் படுக்க வைத்து அனுப்புகிறேன் என்றார் நலன்புரி அதிகாரி. பெரியம்மா ஒருத்தி பசறையில் இருப்பதை டீச்சர் தேடிப் பிடித்து, பிள்ளைகளோடு தங்க வரச் சொன்னார். தம்பிதான் மிச்சம். தாய் வேலைக்குப் போனால்தான் பிள்ளைக்காம்பராவில் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள், இது தோட்டத்து விதி என்று நலன்புரி அதிகாரி இழுத்தார். நான் வெடிக்கப் போனேன். அதற்குள் பொலிஸ்காரப் பெண்ணின் உடைந்த தமிழ் முந்திக்கொண்டது. "சேர், அம்மா விழுந்தது உங்க மலையிலதானே?"

 "நாளைக்கே தம்பியைக் கொண்டு வாங்க" என்று நலன்புரி அதிகாரியிடமிருந்து வந்தது.

அரிசி பருப்புக்காக நான் என் கந்தோரில் மேசை மேசையாக அலைந்தேன். அன்றைக்கு யாரிடமும் மரியாதையாகப் பேசியதாக ஞாபகமில்லை, ஆனால் மூட்டை அவர்களுடைய லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, பெருமையாக இருந்தது. நாடு முழுவதுக்கும் பிள்ளைகளைப் பாதுகாக்கத் திட்டம் போடுகிறார்கள், போடட்டும், வேண்டியதுதான். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் எங்கள் மலைக்கு ஏறி வரும்போது அந்தத் தேருக்கு ஒரு கொழுந்து லொறியும் உடைந்த தமிழும்கூட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் திங்கட்கிழமை காலை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம் தாண்டிவிட்டது. பிள்ளை இன்னொரு ரயிலுக்குப் போயிருந்தால்?

அப்போது டீச்சரிடமிருந்து ஒரே சொல் வந்தது. "வந்துட்டா."

எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. ஒருவரும் எதுவும் போடவில்லை. என் சட்டத்துக்குப் பயந்திருப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் முன்பு அனுப்பியிருந்த ரோசாப்பூக்களில் இருப்பதிலேயே பெரியதைத் தேடி எடுத்துக் குழுவில் போட்டேன்.