வடை சுற்றாத பக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வடைக் கடை. எண்ணெய்ச் சட்டி என் வேலை. சுற்றிக் கொடுக்கப் பழைய பத்திரிகைகள் கட்டாக வரும். கிழித்து அடுக்குவதும் நான்தான். மரண அறிவித்தல் பக்கத்தில் மட்டும் வடை சுற்றமாட்டோம். செத்தவரின் முகத்தில் வடையை வைத்து யாருக்குக் கொடுப்பது? அந்தப் பக்கங்கள் மேசைக்குக் கீழே சேர்ந்துகொண்டே இருந்தன.

அதில்தான் நான் வாசிக்கப் பழகினேன்.

இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து தெரியும். கூட்டி வாசிக்க வராது. காசு மேசையில் இருந்த பிள்ளைதான் வழி சொன்னாள்.

"அக்கா, செய்தி ஒவ்வொரு நாளும் மாறும். இது மாறாது. ஒண்டைப் பிடிச்சியளெண்டால் எல்லாத்தையும் பிடிச்சிடுவியள்."

உண்மைதான். பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும், காலஞ்சென்ற, அன்னார், பாசமிகு. யார் செத்தாலும் இதே சொற்கள், இதே வரிசை. ஊரும் பெயரும்தான் வேறு. தெரிந்த சொல்லின் கீழே பேனையால் கோடு போடுவேன். கோடு விழாத சொல்தான் அன்றைய பாடம்.

முதலாளி ஒரு நாள் கண்டுவிட்டார்.

"விடியக்காலமை செத்தவீட்டைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறாய். சின்னப்பிள்ளையளின்ரை புத்தகம் ஒண்டு வாங்கன்."

"அணிலும் ஆடும் எனக்கு எதுக்கு முதலாளி? நான் சின்னப்பிள்ளையே?"



ஒரு வருடம் போனது. முழுப் பக்கத்தையும் நிற்காமல் வாசித்தேன்.

அப்படியிருக்க ஒரு நாள் கட்டைப் பிரித்தேன். அப்பா இருந்தார். தாள் மூன்று கிழமை பழசு.

நான் விரும்பியவரோடு கொழும்புக்கு வந்த நாளிலிருந்து வீட்டார் என்னோடு கதைப்பதில்லை. செத்ததையும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தால் அப்பா என்று எழுத்துத் தெரியாதவளுக்கும் தெரியும். நான் இல்லை என்பது வாசித்தால்தான் தெரியும். பாசமிகு தந்தையும் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. நாங்கள் நாலு பேர். மூத்தது நான். விரல் வைத்து இன்னொரு முறை வாசித்தேன். மூன்றுதான்.

சட்டியில் வடை கருகியது. அள்ளி எறிந்துவிட்டு அடுத்த ஈடு போட்டேன்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்றிரவே அந்த நாளுக்கான அறிவித்தலை ஒரு தாளில் எழுதினேன். மூன்று முறை அடித்து எழுதினேன். மறுநாள் பத்திரிகைக் காரியாலயத்துக்குப் போனேன். விளம்பரம் வாங்கும் தம்பி பார்த்தார்.

"இவருக்குக் குடும்பத்தார் முந்தியே போட்டிட்டினமே அம்மா?"

"போட்டவை. ஒரு பிள்ளையை விட்டிட்டினம்."

"ஆர் எழுதித் தந்தது?"

"நான்தான்."

"படம்?"

வெட்டி வைத்திருந்ததைக் கொடுத்தேன். என்னிடம் அப்பாவின் வேறு படம் இல்லை.

"பேப்பரில வந்த படமோ? மங்கலாத்தான் வரும்."

"வரட்டும். பேர் தெளிவாய் வந்தால் போதும்."

முப்பத்தோராம் நாள் வந்தது. அப்பா மங்கலாக இருந்தார். நாலு பெயரும் இருந்தன, வயது வரிசைப்படி. முதலில் என் பெயர். தம்பி, தங்கச்சிமார் ஒருவரையும் நான் விடவில்லை. தகவல் என்ற இடத்தில் மூத்த மகள் என்று போட்டு, என் போன் நம்பரையும் கொடுத்திருந்தேன்.

மத்தியானம் கனடாவிலிருந்து தம்பி எடுத்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் குரல்.

"ஆரைக் கேட்டுப் போட்டனி? சனம் எங்களை என்னெண்டு நினைக்கும்?"

"வாசிச்சனியோ?"

"வாசிச்சனான்."

"முழுக்க?"

"ஓம், முழுக்கத்தான்."

"காணும், அது போதும்," என்று வைத்துவிட்டேன். சட்டி காய்ந்திருந்தது.

இப்போது பாத்திரம் கழுவ வரும் இரண்டு பெண்கள் என்னிடம் வாசிக்கப் பழகுகிறார்கள். அதே பக்கம்தான். அபசகுனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அப்பாவின் தாளில்தான் தொடங்கி வைத்தேன். பெயர்களை எண்ணி வாசிக்கச் சொல்கிறேன்.