பதினாறு கப்பும் ஒரு பின்பக்கமும்

2025 ஜூலை முதல் சனிக்கிழமை. அன்று நம் நேரப்படி மாலை ஆறு மணிக்குத் தாய்லாந்தில், பெண்கள் கால்பந்து ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம் குரூப்பின் கடைசி ஆட்டம். குரூப் என்றதும் பிளஸ் டூ காமர்ஸ் குரூப்பை நினைக்க வேண்டாம், அதில் என் இடம் எப்போதும் கடைசி. இதில் ஐந்து நாடுகள்: இந்தியா, தாய்லாந்து, ஈராக், மங்கோலியா, திமோர்-லெஸ்தே. முதலிடத்துக்கு மட்டும்தான் டிக்கெட். இந்தியாவும் தாய்லாந்தும் அதுவரை எல்லா ஆட்டங்களையும் வென்று, கோல் வித்தியாசத்திலும் சமமாக நின்றன. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆட்டத்துக்கான பயம் அது. இன்னொரு பயம் விருத்தாசலத்தில் எனக்காகக் காத்திருந்தது.

சேத்தியாத்தோப்பு மாதா கோயில் பெண்கள் அணிக்கு நான்தான் கோல்கீப்பர். பந்தைப் பிடிப்பேன், வாயைப் பிடிக்கத் தெரியாது. கோயில் ஹாலில் பதினாறு பேரும் சேர்ந்து ஆட்டம் பார்க்கும்போது ஆளுக்கொரு பீங்கான் கப் தரலாம் என்று எங்கள் பி.டி. மிஸ் முடிவு செய்தார். ஐந்து நாடுகளின் பெயரும் கப்பில் வரும், இந்தியா மேலே. இதை ஒரு தாளில் எழுதி, புதன்கிழமை விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் ஆர்டர் கொடுக்க என்னை அனுப்பினார்.

பஸ்ஸில் போகும்போது குறும்பு அரித்தது. எங்கள் கேப்டன் அமலி அக்கா சகுனம் பார்ப்பவர். ஆட்டத்துக்கு முன் யாராவது "தோத்துட்டா" என்று ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வார். மிஸ் கொடுத்த தாளின் வெற்றுப் பக்கத்தில் "1. தாய்லாந்து, 2. இந்தியா" என்று வரிசை போட்டேன். மிஸ் எழுதிய பக்கத்தின் அடியில், "இது பதினைந்து, பின்னால் இருப்பது ஒன்று மட்டும்" என்று சேர்த்தேன். அந்த ஒன்று அமலி அக்காவுக்கு. போன மாதம் குளுக்கோஸ் தண்ணீரில் உப்பு போட்டதற்கு, "இன்னொரு தடவ வெளயாட்டு காட்டினா டீம்லயே இருக்க மாட்ட" என்று அவர் சொல்லியிருந்தார். அது பஸ்ஸில் ஞாபகம் வரவில்லை.

இனி பயணம். கப்புகளை வாங்கி வர, சனிக்கிழமை காலை 10.10க்குத் தனியார் பஸ், டிக்கெட் 28 ரூபாய், என் போன் காட்டிய தூரம் 29 கி.மீ. வலதுபக்க ஜன்னல் வேண்டாம், வெயில். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் 11.15க்கு இறங்கி, பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். 20 ரூபாய்.

"பொம்ம வாங்கவா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கப்பு வாங்கண்ணா. இன்னிக்கி இந்தியா மேட்ச்சு இருக்குது."

"கிரிக்கெட்டா?"

"ஃபுட்பாலு. பொண்ணுங்க."

"அப்பிடியா. ஜெயிச்சிடுவாங்களா?"

"அதக் கேக்காதீங்கண்ணா."

பட்டறையில் திலகம் அக்கா இருந்தார். கப்புகளில் எழுதுவது அவர் வேலை. சூளைக் கதவைச் செங்கல் அடுக்கிக் களிமண் பூசி அடைத்திருந்தார்கள். முந்தைய நாள் சுட்டது, உள்ளே ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டரைக்குத்தான் பிரிக்க முடியும். ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில், அவர் எழுதும் பலகைக்கு மேலே, என் தாள் ஒட்டியிருந்தது. வேலை செய்பவர்களின் கை எப்போதும் ஈரம். அதனால் ஆர்டர் தாளின் முதுகில் களிமண்ணைத் தொட்டுச் சுவரில் அப்பிவிட்டு, பார்த்துப் பார்த்து எழுதுவது அங்கே வழக்கம். புதன்கிழமை, பதினாறு கப் என்று வாயால் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில், எந்தப் பக்கம் மேலே இருக்கக் கொடுத்தேன் என்று நான் கவனிக்கவே இல்லை. சுவரில் தெரிந்தது என் கையெழுத்து. மிஸ்ஸின் கையெழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, பதினாறும் இத மாதிரியேவா எழுதினீங்க?"

"ஆமா. இந்தியாவ ஏன் ரெண்டாவதாப் போடச் சொல்றாங்கன்னு நெனச்சேன். உங்க பந்து கணக்கு எனக்கு என்ன தெரியும்?"

"அழிக்க முடியாதா?"

"சுட்டாச்சு. இனிமே ஒடைச்சாத்தான் போவும்."

ஒரு மணிக்கு அவர் சாப்பிட எழுந்தார். போகும்போது கதவின் ஓரத்தில் ஒரு செங்கல்லைக் காட்டினார். "அதத் தொடாத. இப்ப சில்லுக் காத்து உள்ள போச்சுன்னா அத்தனையும் விரிசல் வுட்டுடும். எங்க ரெண்டு வார வேல உள்ள இருக்குது."

அதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. அந்தச் செங்கல் என் தோள் உயரத்தில் இருந்தது. இழுத்தால் போதும், கப்புகள் உடைந்துபோகும், சூளை கெட்டுவிட்டது என்று மிஸ்ஸிடம் சொல்லலாம், அமலி அக்காவுக்கு எதுவுமே தெரியாது. எழுந்து பக்கத்தில் போனேன். கதவின் சூடு முகத்தில் அடித்தது. கையை நீட்டியும் விட்டேன். உள்ளே என் பதினாறு கப்போடு திலகம் அக்காவும் மற்றவர்களும் செய்த கொலுப் பொம்மைகளும் விளக்குகளும் இருந்தன. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். அவர் திரும்பி வரும்வரை உள்ளே போகவில்லை.

வந்ததும் தாளின் கதையைச் சொன்னேன். அவர் சுவரிலிருந்து தாளைப் பிய்த்தார். களிமண்ணுக்கு அடியில் மிஸ் எழுதியது பாதிதான் தெரிந்தது.

"படுபாவிப் பொண்ணே" என்றார். அவ்வளவுதான்.

2.30க்குச் சூளையைப் பிரித்தார்கள். பதினாறும் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று வந்தன. ஒன்றாவது உடைந்திருக்கக் கூடாதா? 3.20 பஸ்ஸில் கப்புகள் அடுக்கிய மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன். கப் வாங்கப் போனவள் கப்சிப்பென்று திரும்பினேன்.

ஹாலில் அமலி அக்கா புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஐந்தரை மணி.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அடிக்கறதுன்னா வெளிய வச்சு அடிங்க."

எல்லாம் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து ஒரு கப்பை எடுத்துப் படித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லக்கா."

"மூடு. ஆட்டம் முடியற வரைக்கும் எவளும் இதப் பாக்கக் கூடாது. இதும் மேலயே ஒக்காரு."

உட்கார்ந்தேன். முதல் பாதியில் இந்தியா ஒரு கோல் போட்டது. எல்லோரும் குதித்தார்கள், நான் எழுந்திருக்க முடியாது. இடைவேளை முடிந்த சூட்டோடு தாய்லாந்து சமன் செய்தது. அதற்குப் பிறகு எனக்குத் திரை தெரியவில்லை, எனக்கு அடியில் பதினாறு முறை எழுதியிருந்த அந்த வரிதான் தெரிந்தது. தோற்றால் அதை நானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். எழுபத்து நான்காவது நிமிடம் இந்தியா மறுபடி போட்டது. மீதி நேரம் முழுக்க மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கு ஒன்று. முதலிடம்.

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது அமலி அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"ஜெயிச்சதால தப்பிச்சன்னு நெனைக்காத. மிஸ்கிட்ட நீயே சொல்லு. புதுக் கப்பு வர்ற வரைக்கும் நீ பெஞ்சு."

"டீம்லேர்ந்து தூக்கலியாக்கா?"

"ஆட்டத்துக்கு முன்னாடியே சொன்னல்ல."

போக நினைப்பவர்களுக்கு: எழுத்தோடு சேர்த்து ஒரு கப் 70 ரூபாய் ஆனது. ஆர்டர் கொடுத்து மூன்று நாளாவது விடுங்கள். மதியம் போனால் சூளை பிரிப்பதைப் பார்க்கலாம், தண்ணீர் கொண்டு போங்கள், பஸ்ஸில் பெட்டியை மேலே வைக்காதீர்கள். தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்.

நான் அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன், உண்டியலை உடைத்த காசோடு. இந்த முறை ஒரே பக்கம், இந்தியா மேலே. திலகம் அக்கா தாளை வாங்கி முழுதாகப் படித்தார். பிறகு திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கப்புறம்தான் களிமண்ணைத் தொட்டார்.