கொதிக்காத பயறு

நிதானம் அக்கா அடுப்பை முழுதாகத் திறந்து யாரும் பார்த்ததில்லை. பேருந்துப் பணிமனை கேண்டீனில் சமைக்கிற அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கட்டியவர் அவள் புருஷனேதான். அங்கேயே பிரேக் பார்க்கிற மெக்கானிக். “இவ தண்ணி காய வைக்கிறதுக்குள்ள நான் ஒரு பஸ்ஸைக் கழட்டி மாட்டிடுவேன்” என்பார். “மாட்டுவீங்க. அது நிக்கணுமே” என்பாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

ஆனால் அவள் கைப்பக்குவத்தில் அவரும் குறை கண்டதில்லை. பருப்போ பயறோ எதுவானாலும் ஒரே முறைதான். பெரிய அண்டாவில் வெந்நீரைச் சூடாக வைத்து, அதற்குள் சட்டியை இறக்கி மூடிவிடுவாள். நேரடித் தீ படாது, அடிப்பிடிக்காது, தளதளவென்று கொதித்துத் தோல் கிழியாது. மதியம் மூடியைத் திறந்தால் முத்து முத்தாக நிற்கும். அவசரத்தில் வெந்தது வாயில் நிற்காது என்பது அவள் கட்சி.

அந்த வாரம் கடையில் வழக்கமான பச்சைப்பயறு இல்லை, ராஜ்மா அனுப்பியிருந்தார்கள். அவள் அதைச் சமைப்பது அதுதான் முதல் தடவை. ராத்திரியே ஊறப் போட்டாள். ஊறின தண்ணீரைக் கொட்டினால் சத்தெல்லாம் சாக்கடைக்குத்தான் போகும் என்று அந்தத் தண்ணீரோடே சட்டியை இறக்கினாள். பயறு சிவக்கச் சிவக்க, ஒன்றுகூட உடையாமல் வந்தது. சாற்றில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு உப்பு பார்த்ததோடு சரி. அவள் சாப்பிட உட்காரும்போது சட்டி காலி.

சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் பஸ் கழுவுகிற இடத்தில் ஒருவன் குனிந்து வாந்தி எடுத்தான். அவனைக் கேலி செய்தவன் அடுத்து குனிந்தான். அப்புறம் கழிவறை வாசலில் வரிசை. சாயங்காலத்துக்குள் எல்லோரும் ஓரளவு தெளிந்துவிட்டார்கள், கிழிந்த நாராக.

“வெயில்ல தயிர் கெட்டிருக்கும்” என்றார் மேற்பார்வையாளர். தயிர் ஊற்றுகிற பால்காரம்மாவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். நிதானம் அக்காவும் தலையாட்டினாள்.

வீட்டில் புருஷன் சுருண்டு படுத்திருந்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நீட்டினாள்.

“நான்தான் தயிரைக் கையாலகூடத் தொட மாட்டேனே. எனக்கு எப்படி வந்துச்சு?”

“பேசாம குடிங்க.”

அவர் குடித்தார். அவளுக்குத்தான் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பயறை அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியிருந்தார்.

காலையில் கேண்டீன் வாசலில் பால்காரம்மா நின்றிருந்தாள். “நீங்களாவது சொல்லுங்கக்கா. எம்புள்ளைங்களும் நேத்து அதே தயிரைத்தான் சாப்பிட்டுச்சு.”

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் நிதானம் அக்கா. அந்த ஒரு சொல் அவளுக்கே பிடிக்கவில்லை.

பத்து மணி வாக்கில் உணவு ஆய்வாளர் வந்தாள். யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

“ராஜ்மா நல்லா கொதிச்சுதாம்மா?”

பக்கத்திலேயே மேற்பார்வையாளர் நின்றார். கேண்டீனை மூடிவிட்டு வெளியிலிருந்து சாப்பாடு எடுக்கலாம் என்று அவர் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருப்பவர். கொதித்தது என்றால் பழி தயிரோடு போய்விடும். பால்காரம்மாவின் பிழைப்பும் கூடவே போகும்.

“கொதிக்கவே இல்லம்மா. நான் கொதிக்க விடுறதில்ல” என்றாள்.

ஆய்வாளர் அண்டாவையும் சட்டியையும் பார்த்தாள். “அந்தப் பயறுலயே ஒரு நஞ்சு இருக்கு. நாலஞ்சு பயறு போதும், வயித்தைப் புரட்டிடும். வாசனை, ருசி எதுலயும் தெரியாது. ஊறின தண்ணியைக் கொட்டிடணும். புதுத் தண்ணில அரை மணி நேரம் நல்லா கொதிச்சாத்தான் அது அடங்கும். இப்படி இளஞ்சூட்டுல வெச்சா மெத்துனு ஆயிடும், நஞ்சு போகாது. சில சமயம் பச்சையா இருந்ததைவிட அதிகமாயிடும்.”

“இத்தனை வருஷமா இப்படித்தானே சமைக்கிறேன்.”

“பச்சைப்பயறு பொறுத்துக்கும். இது பொறுக்காது.”

மேற்பார்வையாளர் இரண்டு நாள் பார்ப்பதாகச் சொன்னார். ஆட்கள் சாப்பிட வராவிட்டால் கேண்டீனைப் பூட்டிவிடுவாராம்.

நிதானம் அக்கா அன்று மாலையே பால்காரம்மா வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொல்லி, தயிரை மறுபடி கொண்டுவரச் சொன்னாள்.

“எங்க வீட்டு வாசல்ல வந்து காதோட சொல்லிட்டுப் போறீங்க. பழி போட்டது அங்க, நாலு பேர் மத்தியில.”

“அங்கயும் சொல்றேன்.”

மறுநாள் மதியம் சொன்னாள். பெஞ்சுகளைப் பார்த்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு தன்னுடையது, தயிர் மேல் பழியில்லை என்றாள். பின்னால் சட்டியில் அதே ராஜ்மா. ஊறின தண்ணீரைக் கொட்டி, அடுப்பை முழுதாகத் திறந்து, அரை மணிக்கு மேலேயே குமுறக் குமுறக் கொதிக்க வைத்து, விரலில் நசுங்கும்வரை வேகவைத்திருந்தாள். தோலெல்லாம் பிய்ந்து கூழாய்க் கிடந்த அதைப் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை.

சாப்பாடு வாங்க யாரும் எழுந்திருக்கவில்லை. புருஷன்கூட வயிற்றைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

பால்காரம்மா கேனை இறக்கிவிட்டு ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். “போடுங்க. பக்கத்துலயே என் தயிரையும் ஊத்துங்க. எது கெடுக்குதுன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

நின்றபடியே சாப்பிட்டாள். கேண்டீன் மொத்தமும் அவள் வாயையே பார்த்தது. தட்டை வழித்து வைத்துவிட்டு, “உப்பு பத்தல” என்றாள்.

“எங்க, நான் பாத்து சொல்றேன்” என்று டயர் மாற்றுகிறவன் ஒருவன் தட்டோடு எழுந்தான்.